டியூப்பின் பின்பக்கம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் ஒரே குவளைக்குள் மூன்று டியூப்கள் நிற்கின்றன. நானும் மனைவியும் பயன்படுத்தும் வெள்ளைப் பேஸ்ட் ஒன்று. நான்கு வயது மகளின் ஸ்ட்ராபெர்ரி பேஸ்ட் ஒன்று. மூன்றாவது, தர்மபுரிப் பக்கத்துப் பாலக்கோட்டிலிருந்து வரும்போதெல்லாம் அத்தை பெட்டியில் கொண்டுவரும் சிவப்பு மூலிகைப் பேஸ்ட். அது தீர்ந்துவிட்டால் முஸ்தபா கடைக்கு ஒரு நடை போக வேண்டும். வேறெதைக் கொடுத்தாலும் அவருக்குப் பல் விளக்கின மாதிரியே இருக்காதாம்.

போன மாதம் ஒரு ராத்திரி, மகள் கையிலிருந்த டியூப்பை அத்தை பிடுங்கிக்கொண்டார். "இதுல ஃபுளோரைடு இருக்குதாம், போன்ல வந்துச்சு. எங்க ஊர்ல அத்தனை பேர் பல்லையும் கெடுத்தது அதுதானுங்களே மாப்பிள்ளை?"

வாட்ஸ்அப் புரளி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அத்தையின் முன்பற்களைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவற்றில் குறுக்கே பழுப்புக் கோடுகள் ஓடும். வெற்றிலையோ புகையிலையோ தொட்டவரில்லை. எல்லாம் சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் செய்த வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்தில் ஃபுளோரைடு அதிகம், நிலத்தடி நீரில் அது கரைந்து வரும். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று ஒன்று போட்டு, 2013 முதல் காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுபோகிறார்கள். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருக்கிறது. ஆக, அத்தை சொன்னது புரளியே இல்லை. அவர் ஊரைப் பொறுத்தவரை அது உண்மை.

அன்றிரவு மூன்று டியூப்களையும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். டியூப்பின் அடிமடிப்பில் இருக்கும் கலர் கட்டம் பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் வெறும் ரசாயனம் என்று ஒரு படம் குடும்பக் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. அது தொழிற்சாலை இயந்திரத்துக்கான அடையாளம். எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று இயந்திரத்தின் கண் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் பேஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படிக்க வேண்டியது பொருள்களின் பட்டியலை. சிங்கப்பூரில் பற்பசை அழகுசாதனப் பொருள் என்ற கணக்கில் வருகிறது, சுகாதார அறிவியல் ஆணையத்தின் கண்காணிப்பில். ஆசியான் நாடுகளுக்குப் பொதுவான விதிப்படி, எது அதிகமோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பொருள்களைக் கடைசியில் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். இது தெரிந்துவிட்டால் டியூப்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள தூரம் புரிந்துவிடும். முன்பக்கத்தில் பெரிதாக இலையும் பூவும் படம் போட்டிருக்கும் பொருள், பின்பக்கத்தில் பெரும்பாலும் வாலில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

தலையில் இருப்பவை எல்லா டியூப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தண்ணீர், சார்பிட்டால் அல்லது கிளிசரின், அப்புறம் சிலிக்கா அல்லது சுண்ணாம்புத்தூள். அதாவது பேஸ்ட் என்பது காயாமல் பார்த்துக்கொள்ளப்பட்ட நுண்மணல். மணல் பல்லைத் தேய்க்கும், சார்பிட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மணலும் நீரும் பிரிந்துபோகாமல் ஏதாவது ஒரு பிசின் கட்டி வைக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் கூட இந்தப் பிசின் வேலையைச் செய்வதுண்டு.

கிளிசரின் என்றதும் 2007 ஞாபகம் வருகிறது. பனாமா நகரத்துக் கடையொன்றில் ஓர் அரசு ஊழியர் பற்பசை டியூப்பை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். டைஎத்திலீன் கிளைக்கால் என்று அதில் அச்சடித்தே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே பொருள் இருமல் மருந்தில் கலந்து அந்த நாட்டில் பலர் இறந்திருந்தார்கள். இனிப்பாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும், கிளிசரினைவிட விலை குறைவு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அவர் போய்ப் புகார் கொடுத்தார். சீனாவில் தயாரான அந்தப் பேஸ்ட்டுகளை ஒவ்வொரு நாடாகத் தேடத் தொடங்கின, சிங்கப்பூரிலும் எச்சரிக்கை வந்தது. கடையில் நின்று லேபிளைப் படிக்கிறவரைப் பார்த்து யாராவது சிரித்தால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

அடுத்தது நுரை. சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சோப்பு வகைப் பொருள்தான் அதைத் தருகிறது. அழுக்கைக் கிளப்பிவிடும், சுவையை வாயெல்லாம் பரப்பும். ஆனால் நுரை நிறைய வந்தால் பல் நன்றாகச் சுத்தமாகிறது என்பது நம் மனப்பழக்கம்தான். பல் விளக்கின கையோடு கீழே கோப்பிக்கடைக்குப் போய் பால் இல்லாமல் சீனி மட்டும் போட்ட ஒரு கோப்பி-ஓ வாங்கிக் குடித்துப் பாருங்கள், கசந்து வழியும். கோப்பிக்காரர் மேல் குற்றமில்லை. இந்த நுரைப்பொருள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைச் சற்று நேரம் மந்தமாக்குகிறது, கசப்பை அடக்கி வைக்கும் கொழுப்புப் படலத்தையும் கலைத்துவிடுகிறது. அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் இது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிப் பார்க்கலாம். சிலருக்குப் புண் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அத்தையின் மூலிகைப் பேஸ்ட்டிலும் இதே பெயர் இருந்தது. காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

சரி, இவையெல்லாம் தேய்க்க, நுரைக்க, காயாமல் இருக்க. சொத்தை வராமல் தடுப்பது எது?

பல்லின் மேலோடான எனாமல் ஒரு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். பல்லில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான படலத்துக்குள் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் இனிப்பு சாப்பிட்டால் அவையும் சாப்பிட்டுவிட்டு அமிலத்தைக் கக்கும். அமிலம் கூடக் கூட வாயின் பிஎச் என்ற அளவு இறங்கும். அது ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனதும் எனாமலிலிருந்து கனிமம் கரைந்து வெளியேறத் தொடங்குகிறது. பிறகு எச்சில் அமிலத்தை மெல்ல மெல்லத் தணித்து, போன கனிமத்தைத் திருப்பிக் கொண்டுவந்து படியவைக்கும். இந்தப் போக்குவரத்து தினமும் நடக்கிறது. இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கை ஒரே மூச்சில் குடித்து முடித்தால் எச்சிலுக்கு ஒரு வேலை. அதையே அலுவலக மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உறிஞ்சினால் எச்சிலால் ஈடுகொடுக்க முடியாது, கணக்கில் துண்டு விழும். அந்தத் துண்டுதான் வருடக்கணக்கில் சேர்ந்து சொத்தைப் பல்லாக வந்து நிற்கிறது.

ஃபுளோரைடு இங்கேதான் நுழைகிறது. கனிமம் திரும்பிப் படியும்போது ஃபுளோரைடும் கூட இருந்தால், புதிதாகப் படிவது பழையதைவிடக் கெட்டியானது. பிஎச் ஏறத்தாழ 4.5 வரை இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். இந்த வேலை முழுக்கப் பல்லின் மேற்பரப்பில் நடப்பது. விழுங்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால்தான் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை, விளக்கியபின் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள் என்கிறது. கொப்பளித்தால் ஃபுளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். இந்த அறிவுரையை ஒரு தமிழ் வீட்டில் அமல்படுத்திப் பாருங்கள். அத்தை காலையில் நாக்கு வழித்து, தொண்டையைக் காறிக் கொப்பளிக்கும் சத்தத்தில் எதிர் புளோக்கே எழுந்துகொள்ளும்.

ஃபுளோரைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 வரை. இங்கே விதிப்படி உச்சவரம்பும் 1500தான். சில டியூப்பில் பிபிஎம் போடாமல் 0.24 விழுக்காடு, 0.76 விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். பின்னது அதிகம் என்று நினைத்தால் ஏமாந்தோம். 0.24 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு என்பது சுமார் 1100 பிபிஎம். 0.76 விழுக்காடு சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் என்பது சுமார் 1000. சேர்மத்தின் எடை வேறு, அதற்குள் இருக்கும் ஃபுளோரைடின் எடை வேறு.

இந்த நீளப் பெயருக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. சுண்ணாம்புத்தூள் போட்ட பேஸ்ட்டில் சாதாரண சோடியம் ஃபுளோரைடைக் கலந்தால், சுண்ணாம்பிலிருக்கும் கால்சியம் டியூப்புக்குள்ளேயே அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். பல்லுக்கு ஒன்றும் வந்து சேராது. ஆரம்ப கால ஃபுளோரைடு பேஸ்ட்டுகள் தோற்றது இப்படித்தான். 1955இல் கிரெஸ்ட் வந்தபோது வெள்ளீய ஃபுளோரைடையும் அதோடு சண்டை போடாத தேய்ப்புத்தூளையும் ஜோடி சேர்த்தார்கள். இன்று சுண்ணாம்பு என்றால் மோனோஃபுளோரோபாஸ்பேட், சிலிக்கா என்றால் சோடியம் ஃபுளோரைடு என்பது பொதுவான பொருத்தம். ஜாதகப் பொருத்தம் மாதிரி, ஜோடி மாறினால் வேலைக்காகாது.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். பல்லில் கோடு விழுவது, பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஃபுளோரைடை அதிகமாக விழுங்கினால்தான். முளைத்து முடிந்த பல்லில் அப்படிக் கோடு விழாது. அத்தை விழுங்கியது பேஸ்ட்டை அல்ல, பிறந்ததிலிருந்து குடித்த, சமைத்த தண்ணீர் முழுவதையும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தர்மபுரிப் பக்கத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை.

சிங்கப்பூரிலோ தண்ணீரில் ஃபுளோரைடை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, ஆசியாவிலேயே முதன்முதலாக மக்கள் அனைவருக்கும் ஃபுளோரைடு கலந்த குடிநீர் கொடுத்த நாடு இது. தொடக்கத்தில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஃபுளோரைடு பேஸ்ட் எல்லா வீட்டுக்கும் வந்தபின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, இப்போது அரை மில்லிகிராம் அளவில் வைத்திருக்கிறார்கள். ஒரே பொருள்தான். பாலக்கோட்டில் அதைத் தண்ணீரிலிருந்து விரட்டக் குழாய் போடுகிறார்கள், இங்கே குழாயிலேயே அளந்து விடுகிறார்கள்.

அளந்து விடுவதை நிறுத்திப் பார்த்த ஊரும் உண்டு. கனடாவின் கால்கரி 2011இல் நிறுத்தியது. நிறுத்தாத எட்மன்டன் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது கால்கரிப் பிள்ளைகளுக்குச் சொத்தை கூடுதலாக இருந்தது. 2025இல் திரும்பவும் சேர்க்கத் தொடங்கினார்கள். மறுபக்கம், 2024இல் அமெரிக்க அரசு அமைப்பொன்றின் அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவோடு தொடர்பு தெரிகிறது என்றது. அத்தையின் போனுக்கு வந்தது அதன் வால்தான். அந்த 1.5 என்ற எண்ணை மட்டும் யாரோ வழியில் உதிர்த்துவிட்டார்கள்.

குழந்தை டியூப்பில் 1000 பிபிஎம் என்று போட்டிருந்தது. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு பேஸ்ட், மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு என்பது பல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அரிசி அளவு என்பது சுமார் 0.1 கிராம். 1000 பிபிஎம் பேஸ்ட்டில் அதற்குள் இருக்கும் ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம். நம் குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளரில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. பிள்ளை அதை அப்படியே விழுங்கினாலும் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்ததற்குச் சமம். ஆனால் விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க அலையலையாகப் பிதுக்கினால் அது ஒரு கிராமைத் தொடும், பத்து மடங்கு.

என் மகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஸ்ட்ராபெர்ரி வாசனை என்பதால் துப்புவதும் இல்லை, நக்கிச் சாப்பிடுகிறாள். அத்தை பயந்ததில் பாதி நியாயம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பேஸ்ட் பிதுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். அரிசியில் பொன்னியா பாஸ்மதியா என்று கேட்டார்.

இந்த ஊரில் 1970களில் தொடக்கப்பள்ளி படித்தவர்களிடம் பல் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு காட்சியைச் சொல்வார்கள். கையில் பிளாஸ்டிக் குவளை, பிரஷ். சாக்கடை ஓரமாக வரிசையாகக் குந்தி, ஆசிரியர் எண்ண எண்ண, பல் விளக்கியது. பக்கத்தில் இருந்தவன் துப்பியது யார் காலில் பட்டது என்பது வரைக்கும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

மூலிகைக்கு வருவோம். அத்தையின் டியூப்பில் கிராம்பு, மிளகு, சுக்கு எல்லாம் இருந்தன, ஃபுளோரைடு என்ற சொல் இல்லை. கிராம்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதிலுள்ள யூஜினால் வலியை மரத்துப்போக வைக்கும், பல் மருத்துவர்களே துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதும் சும்மா வந்ததில்லை. அந்தப் பட்டைகளின் துவர்ப்பு ஈறை இறுக்கும், மென்ற குச்சியின் நார் பிரஷ் வேலையைச் செய்யும். ஆனால் அந்தப் பழமொழி காலத்துச் சாப்பாட்டில் தே தாரிக்கும் பாக்கெட் பழச்சாறும் கிடையாது. குச்சி அழுக்கை எடுக்கும், கரைந்துபோன கனிமத்தைத் திருப்பித் தராது.

இன்னொரு கூத்து கரி. உமிக்கரியால் பல் விளக்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு டியூப்புக்கு மாறிய குடும்பம் எங்களுடையது. இப்போது கறுப்புப் பேஸ்ட் என்று மருந்துக்கடையில் வெள்ளைப் பேஸ்ட்டைவிட அதிக விலைக்கு வைத்திருக்கிறார்கள். கரியால் பல்லுக்கு நன்மை என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது. மேலே படிந்த கறையைத் தேய்த்து எடுக்கும், அவ்வளவுதான். அழுத்தித் தேய்த்தால் எனாமலையும் சேர்த்து எடுக்கும். போன எனாமல் வளராது, அடியிலிருக்கும் மஞ்சள் டென்டின் தெரியத் தொடங்கும். வெள்ளையாகத் தேய்த்து மஞ்சளாக முடியும். வெளுக்கும் பேஸ்ட் என்று எழுதியிருப்பவற்றிலும் பெரும்பாலும் இதே கறை தேய்க்கிற வேலைதான். கடையில் விற்கும் வாய்ப் பொருள்களில், பல்லை வெளுக்கவைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கும்போது, டியூப்பால் வேறென்ன செய்ய முடியும்?

எனக்குப் பல் கூச்சம். ஐஸ் கச்சாங் முதல் கரண்டியிலேயே கண்ணில் நீர் வந்துவிடும். கூச்சத்துக்கான பேஸ்ட் பலவற்றில் இருப்பது 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட். தமிழில் சொன்னால் வெடியுப்பு. பட்டாசுக்குப் போடும் அதே உப்புதான். டென்டினுக்குள் நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் உண்டு. பொட்டாசியம் அவற்றின் வழியாகப் போய் நரம்பைச் சமிக்ஞை அனுப்பவிடாமல் அமைதிப்படுத்துகிறது. வெள்ளீய ஃபுளோரைடும் ஆர்ஜினினும் வேறு வழி, குழாய் வாயையே அடைத்துவிடும். எதுவானாலும் இரண்டு வாரமாவது விடாமல் தேய்க்க வேண்டும். நான் மூன்று நாள் தேய்த்துவிட்டு, ஏமாற்று வேலை என்று தூக்கிப்போட்டவன். பிறகு பல் மருத்துவர் என் பிரஷ்ஷைப் பார்த்தார். நார்கள் நாலு பக்கமும் படுத்துக் கிடந்தன. "செருப்புக்கா பாலிஷ் போடுறீங்க?" என்றார். அழுத்தித் தேய்த்ததில் ஈறு இறங்கி, வேர்ப்பக்கம் வெளியே தெரிந்திருக்கிறது. மென்மையான பிரஷ்ஷுக்கு மாறியபின் பாதி கூச்சம் போயிற்று.

ஜப்பானியக் கடைகளில் ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்ட் கிடைக்கிறது. எனாமலின் கனிமத்தையே நுண்துகளாக்கிப் போடுவது. ஜப்பானில் 1980 முதல் விற்பனையில் இருக்கிறது. விழுங்கினாலும் கவலையில்லை என்பது அதன் பலம். ஆனால் ஃபுளோரைடுக்குப் பின்னால் நிற்கும் அளவுக்கு நீண்டகால ஆய்வுகள் அதற்கு இல்லை.

வீட்டில் தண்ணீர் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். சாதாரணக் கரி வடிகட்டி ஃபுளோரைடைப் பெரிதாகத் தொடாது, சவ்வு வைத்து வடிகட்டும் ஆர்.ஓ. வகை பெரும்பகுதியை எடுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஃபுளோரைடில்லாத பேஸ்ட்டும் சேர்ந்தால், பிள்ளையின் பல் பாலக்கோட்டுக்கு நேரெதிர்க் கோடியில் நிற்கும்.

இப்போது எங்கள் குளியலறையில் ஓர் உடன்படிக்கை ஓடுகிறது. அத்தைக்குக் காலையில் சிவப்பு டியூப், அது இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. ராத்திரி எங்கள் வெள்ளை டியூப்பிலிருந்து ஒரு பட்டாணி. மகளுக்கும் பட்டாணிதான், அவள் வயதுக்கு அதுதான் கணக்கு என்றேன். அத்தை கேட்கவில்லை, அரிசியிலேயே நிற்கிறார். துப்பினதும் கொப்பளிக்கக்கூடாது என்பதை மட்டும் இன்னும் பேசித் தீர்க்க முடியவில்லை. "எச்சி வாயோட படுக்கச் சொல்றீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். மகள் வெளியே நின்று எண்ணுகிறாள். நேற்று ஏழு கொப்பளிப்பு.